அண்ணியின் ஃபேமிலி

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக்கடையில் அண்ணனின் பிறந்தநாள் விருந்து. அவர்கள் வீட்டில் வேலை செய்யும் பர்மாக்காரப் பெண் மேசையோரம் நின்றபடி குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“மெய்ட் சாப்பிடலையா அண்ணி?” என்று கேட்டேன்.

அண்ணிக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்துவிட்டது. “அப்படியெல்லாம் சொல்லாதீங்க தம்பி. அவ எங்க ஃபேமிலி லா.”

இலை போட வந்தவர் அவளுக்கும் ஒன்று போடப் போனார். “அவளுக்கு வேணாம், வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்குவா,” என்று அண்ணி தடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபேமிலி என்ற சொல்லின் பூர்வீகத்தை எடுத்து அவர் முகத்தில் வீசினேன். அது லத்தீனிலிருந்து வந்தது. அங்கே ஒரு வீட்டுக்குச் சொந்தமான அடிமைகளுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். ஆங்கிலத்துக்கு வந்த புதிதிலும் அது வீட்டு வேலையாட்களைத்தான் குறித்தது. பெற்றோரும் பிள்ளைகளும் அந்தச் சொல்லுக்குள் பிற்பாடு குடிவந்தவர்கள்.

அண்ணி கூசவில்லை, சிரித்தார். “பாத்தீங்களா, அப்ப நான் கரெக்டாத்தான் சொல்லியிருக்கேன்!”

பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு கைப்பேசியை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். “ஒன் ஃபேமிலி போட்டோ, கேன்?”

அவள் பின்னால் நகர்ந்துகொண்டே போனாள், நாங்கள் எல்லோரும் படத்துக்குள் அடங்கும்வரை.