மூன்றாம் முறை ஒழுகிய கழுத்து

அஞ்சலை மறுபடியும் வந்து கழுத்துத் துணியை அவிழ்த்தபோது, கையிலிருந்த ஃபோர்செப்ஸை டிரேயில் சற்றுச் சத்தமாகவே போட்டேன். இரண்டு முறை நாங்கள் கட்டியை வெட்டித் தைத்த அதே இடம். நடுக்கழுத்தில் மிளகளவு ஓட்டை. அதிலிருந்து கோழை போல நீர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் உதவி சர்ஜன். அஞ்சலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரி. திருக்கழுக்குன்றம் சந்தையில் கருவாடு விற்பவள்.

"பக்கத்துக் கடைக்காரி இன்னா கூவுறா தெரியுமா சாரு? 'அவகிட்ட வாங்காத, கழுத்து நீரு கொழம்புல ஊத்திடும்'ன்றா. கூடையோட போயி கூடையோட வர்றேன். இந்த தபாவும் ஆறலன்னா சந்தைய வுட்டுட வேண்டிதுதான்."

பெரிய டாக்டர் வந்தார். கைராசிக்காரர் என்று ஊரில் பெயர். ஓட்டையைப் பார்த்ததும் வழக்கமான கேள்வி.

"கருவாடு தின்னியா?"

"இல்ல சாரு."

"கருவாடு விக்கிறவ வாய்க்குப் பூட்டா போட்டிருப்பே?"

"விக்கிறது கருவாடு, துன்றது மோர்சோறு. குப்பமே என்னப் பாத்து சிரிக்குது."

அவர் என் பக்கம் திரும்பினார். "இவங்களுக்குப் பத்தியம்னா என்னன்னே தெரியாதுய்யா. திரும்ப எடுத்துட்டுத் தைச்சுடு."

நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்த விஷயம் இது. தாய்க்கே வயிறு தெரியாத நாட்களில், கருவின் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியில் உருவாகிக் கழுத்துக்கு இறங்குகிறது. இறங்கிய வழி பிறகு மறைந்துவிட வேண்டும். சிலருக்கு அது இழையாகத் தங்கிவிடும். கட்டி அதில்தான் வருகிறது. இழை, நாக்குக்குக் கீழே இருக்கும் ஹயாய்டு எலும்பை ஒட்டிப் போகிறது. எலும்பின் நடுத்துண்டோடு சேர்த்து நாக்கின் அடிவரை எடுக்காவிட்டால் மறுபடி ஒழுகும். பெரியவர் எலும்பில் கை வைக்க மாட்டார். "பேச்சு போயிடும்" என்பார். போகாது என்றால், "நீ எத்தனை கழுத்தைப் பார்த்திருக்கே?" என்பார்.

அன்று நான் வாதாடவில்லை. மெத்திலின் ப்ளூ என்ற நீலச் சாயக் கரைசலை மழுங்கிய ஊசியில் ஏற்றி, அவர் கண்முன்னாலேயே ஓட்டைக்குள் மெல்லச் செலுத்தினேன். எல்லோருக்கும் அந்த வழி நாக்குவரை திறந்திருக்காது. இவளுக்குத் திறந்திருந்தது.

அஞ்சலை முகம் சுளித்தாள். "கழுத்துலதான ஊத்துன? வாயி ஏன் கசக்குது?"

"நாக்கை நீட்டு."

டார்ச்சைப் பெரியவரிடம் கொடுத்தேன். நாக்கின் பின்கோடியில், நட்டநடுவில், நீலம் ஊறி நின்றது. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார்.

"எலும்பை வெட்ட போன் கட்டர் எடுத்து வைக்கச் சொல்லு. நீயே வெட்டு. பேச்சு போனா நீதான் பதில் சொல்லணும்."

அஞ்சலை எழுந்துவிட்டாள். "பேச்சு போவுமா? கூவாம எப்பிடி விக்கிறது?"

"போகாதும்மா" என்றேன்.

"அவரு போவும்ன்றாரு, நீ போவாதுன்ற. ரெண்டு பேரும் பேசி முடிங்கோ. நான் வெளிய குந்திகினு கீறேன்."

சொன்னபடியே வராந்தாவில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் தானே உள்ளே வந்தாள். "ஒழுவினாலும் யாவாரம் இல்ல. வெட்டு."

மறுநாள் வெட்டினேன். இழை எலும்புக்குள்ளேயே புகுந்து போயிருந்தது. மயக்கம் தெளிந்தும் அவள் வாய் திறக்கவில்லை. பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் முகத்தருகே குனிந்தேன்.

"தண்ணி குடு சாரு" என்றாள், கரகரப்பாக.

புண் ஆறியது. பெரியவர் டிஸ்சார்ஜ் சீட்டில் 'கருவாடு கூடாது' என்றே எழுதினார். நான் தடுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள், ஆபரேஷன் தியேட்டர்வரை ஒரு குரல் கேட்டது. "வாளக் கருவாடே!" வாசலில் அஞ்சலை; கழுத்தில் துணி இல்லை. எதிரே பெரியவர், கூடையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இன்னா சாரு, பத்தியம் எனக்கு மட்டுந்தானா?"

"எனக்கென்ன கழுத்தா ஒழுகுது? நல்லதா ஒண்ணு எடு" என்றார் அவர்.

இளைய டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆறாத புண் திரும்பி வந்தால், நோயாளியின் சோற்றுத்தட்டை விசாரிக்குமுன் நம் கத்தி எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கழுத்துக் கட்டியிடமும் பெரியவர், "நாக்கை நீட்டு" என்றார். அதற்கு முன்னால், "கருவாடு தின்னியா?" என்றும் கேட்டார். அதை மட்டும் கடைசிவரை என்னால் நிறுத்த முடியவில்லை.