ஏழுமலைக்கு இரண்டாவது மாஸ்க்

1. தளர்ந்துபோன மாஸ்க்

வியாழக்கிழமை காலை, கட்டிப்போட்ட மாஸ்க்குக்குள் ஏழுமலை தலையைத் திருப்பினார். திருப்ப முடியக் கூடாது. அதற்காகத்தான் அந்த மாஸ்க்கே.

கதிர்வீச்சுப் பிரிவைப் பார்க்காத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். தொண்டையில் கட்டி உள்ளவருக்குத் தினமும் அதே இடத்தில், அதே கோணத்தில் கதிர் விழ வேண்டும். வலை போன்ற பிளாஸ்டிக் ஷீட்டை வெந்நீரில் இளக்கி, படுத்திருப்பவர் முகத்தின் மேல் இழுத்துப் பொருத்துவோம். சில நிமிடத்தில் மூக்கு, தாடை, கழுத்து என்று அச்சாக இறுகிவிடும். அதை டேபிளில் கிளிப் போட்டு மாட்டினால் ஆள் அசைய முடியாது. கதிர் படும் இடத்துக்கான குறிகளையும் அதன் மேல்தான் போடுவோம். மாஸ்க் தளர்ந்தால் கதிர் கட்டியை விட்டுத் தண்டுவடத்தில் விழலாம்.

மாஸ்க் தானாகப் பெரிதாவதில்லை. உள்ளே இருக்கும் முகம்தான் சிறிதாகும். ஏழுமலையின் கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. மூடிப்போன மில்லில் வேலை செய்து, பிறகு புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தவர். சட்டை அவர் மேல் ஹேங்கரில் மாட்டியது போல் தொங்கியது.

டாக்டர் வந்து பார்த்தார். "புது மாஸ்க், புது ஸ்கேன், புது ப்ளான். வெயிட் இன்னும் இறங்குனா மூக்குல ட்யூப் போட்டு அட்மிட் பண்ணணும். ட்ரீட்மென்ட் நின்னுடும்" என்றார். சொன்னதைக் கூரையைப் பார்த்துச் சொன்னார். நோயாளியைப் பார்த்துப் பேசுவது மருத்துவப் படிப்பில் எந்த வருஷத்துப் பாடம் என்று நான் ஓய்வு பெறும் வரை எனக்குத் தெரியவில்லை.

ட்ரீட்மென்ட் நின்றால் என்ன ஆகும்? நாம் நிறுத்தினோம் என்பதற்காகக் கட்டி நிற்காது. விட்ட நாட்களில் அது தன் வேலையைப் பார்க்கும். பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே மெஷின்தான், ஆனால் அதே பலன் இல்லை. ஏழுமலைக்குக் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே இருந்தது. அதை அவர் சொந்தக்காரர்கள் கன்னத்துச் சதையோடு சேர்த்துக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

2. பத்தியக் கமிட்டி

மறுநாள் மாஸ்க் எடுக்க அவர் மனைவி அலமேலு கூட்டி வந்தார். அன்று பார்த்துச் சொந்தபந்தமும் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியது. புது மாஸ்க் என்றதும் ஏதோ ஆபரேஷன் என்று நினைத்துவிட்டார்கள். தினசரி ட்ரீட்மென்ட்டுக்கு ஒருவரும் வந்ததில்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வந்தன. இரண்டையும் ஏழுமலையால் விழுங்க முடியாது, ஏனென்றால் ஒன்று கடினம், மற்றதை அவர்களே தடை செய்திருந்தார்கள்.

"இன்னாம்மா சாப்புடறாரு?" என்று அலமேலுவைக் கேட்டேன்.

"கஞ்சித் தண்ணி சிஸ்டர். மத்ததெல்லாம்தான் கட் பண்ணிட்டாங்களே."

நான் சிஸ்டர் இல்லை, சீனியர் டெக்னாலஜிஸ்ட். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் புதுச்சேரியில் வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்பதால் அதை விட்டுவிட்டேன்.

"யாரு கட் பண்ணது?"

யாரென்று கேட்டதும் கமிட்டியே எழுந்து நின்றது. ஏழுமலையின் அக்கா, "முட்டை சூடும்மா, இந்த கரண்ட்டு ட்ரீட்மென்ட்டு வேற சூடு, ரெண்டு சூடு சேந்தா ஒடம்பு தாங்குமா?" என்றார். சித்தப்பா மகன் தயிருக்குச் சளியைக் காரணம் காட்டினார். மீன் தின்றால் கரப்பான் வந்து உடம்பெல்லாம் அரிக்குமாம். இட்லி மாவு புளித்தது, ஆகவே ஆகாது. வீட்டுக்குப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒன்றைத் தடை செய்துவிட்டுப் போயிருந்தார்கள். வெறுங்கையோடு வந்தால் மரியாதையில்லை. ஒரு பத்தியமாவது சொல்லிவிட்டுப் போனால்தான் பார்க்க வந்ததற்கு அடையாளம்.

தலைவர் பதவி அண்ணனுக்கு. பிரெஞ்சு குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்து, பாரிஸில் பென்ஷன் வாங்கி, குளிருக்கு இங்கே வந்து தங்குபவர். தொப்பியைக் கழற்றாமலே பேசினார். "மதாம், ப்ரான்ஸ்ல இந்த நோய்க்குச் சக்கரைய கண்ணுல காட்ட மாட்டான். பால் கூடாது. பட்டினி போட்டா கட்டி தானா செத்துடும்."

"கட்டிக்கு முன்னாடி உங்க தம்பி செத்துடுவாரு சார்."

"நான் வீடியோவுல பாத்தேன்."

"அந்த வீடியோக்காரரயே மாஸ்க்குக்குள்ள படுக்கச் சொல்லுங்க."

எங்கள் பக்கமும் உத்தமம் இல்லை. ஆஸ்பத்திரி கொடுத்த உணவுத் தாளில் ப்ராக்கோலியும் அவகாடோவும் இருந்தன. மேட்டுப்பாளையம் மளிகைக் கடையில் அதைக் கேட்டால் மருந்துக் கடைக்கு அனுப்புவார்கள்.

அதுவரை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அலமேலு எழுந்தார். குரல் உயரவில்லை.

"மாமா, திங்கக்கெழமையிலேர்ந்து நீங்க கூட்டிக்கினு வாங்க."

அண்ணன் திகைத்தார். "நானா? எனக்கு முட்டி வலி தெரியாதா உனக்கு?"

"அண்ணி, நீங்க?"

"பேரப்புள்ள ஸ்கூல் வுட்டு வரும்டி. யாரு பாக்கறது?" என்றார் ஏழுமலையின் அக்கா.

சித்தப்பா மகனுக்கு வேன் டிரைவரிடம் அவசரமாக ஏதோ சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப சரி. பஸ்ல கூட்டிக்கினு வர்றவ நானு. வாந்தி எடுத்தா புடிக்கிறவ நானு. இன்னா குடுக்கறதுன்னும் நானே பாத்துக்கறேன். எத வேணாம்னு சொல்றதுன்னாலும் மொதல்ல ஒரு வாரம் இந்த பெஞ்சுல ஒக்காந்துட்டு வந்து சொல்லுங்க."

"பெரியவங்கள இப்பிடியா பேசறது?" என்றார் அக்கா.

அப்போது ஏழுமலை வாயைத் திறந்தார். வாயெல்லாம் புண். நாலைந்து நாளாகப் பேசாதவர். "முட்ட குடு" என்றார்.

அவரிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

3. பெஞ்சும் கரண்டியும்

வெள்ளிக்கிழமை மாஸ்க்கும் ஸ்கேனும் எடுத்தோம். கதிரின் அளவையும் கோணத்தையும் கணக்கிடும் எங்கள் ஃபிசிசிஸ்ட் சனிக்கிழமை வந்து உட்கார்ந்து ப்ளானை முடித்தார். திங்கட்கிழமை மெஷின் தயார். அந்த வியாழனும் வெள்ளியும் தவிர ஒரு நாளும் விடுபடவில்லை.

அன்று முதல் கதிர்வீச்சு முடிந்ததும் அலமேலு அவரைப் பெஞ்சில் உட்கார வைப்பார். வெந்த மஞ்சள் கருவைப் பாலில் கரைத்து, நெய் விட்ட பருப்பு சாதத்தைக் கூழாக மசித்து, ஒவ்வொரு கரண்டியாக. புண் மரத்துப்போக முன்கூட்டியே மருந்து கொடுக்கச் சொல்லியிருந்தேன். அப்படியும் ஏழுமலை தள்ளிவிடுவார், துப்புவார், மில் காலத்து வசவுகளை எடுத்து வீசுவார். கரண்டி நிற்காது.

"இப்பிடித் திட்டறாரே" என்று ஒருநாள் கேட்டேன்.

"திட்டறதுக்குத் தெம்பு வந்துச்சே சிஸ்டர். போன மாசம் அதுவும் இல்ல."

அண்ணன் ஒரே ஒரு நாள் வந்தார். பக்கத்துப் பெஞ்சில் இன்னொருவர் மூக்குக் குழாயோடு இருமுவதைப் பார்த்தார். காற்று வாங்கி வருகிறேன் என்று வெளியே போனவர் நேராக ஆட்டோவில் ஏறிவிட்டார். பிறகு லாஸ்பேட்டையில் ஒரு சர்க்கரை நோயாளி கிடைத்திருப்பதாகவும், அவருக்குச் சாதத்தை நிறுத்தியிருப்பதாகவும் கேள்விப்பட்டேன்.

புது மாஸ்க் கடைசி நாள் வரை இறுக்கமாகவே இருந்தது. அடுத்தடுத்து எடுத்த ஸ்கேன்களில் கட்டி இல்லை. குரல் கரகரத்துவிட்டது, எச்சில் குறைந்துவிட்டது. அவை திரும்பி வருமென்று நான் பொய் சொல்லவில்லை. ஆள் இருக்கிறார். கமிட்டியோ, பத்தியம்தான் காப்பாற்றியது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மாஸ்க் எடுக்கும் நாளில் நன்றாகப் பேசுகிற ஒருவர் கூட்டத்தின் முன்னால் நிற்பார். டாக்டர் எல்லாவற்றையும் அவரிடம் விளக்குவார். விளக்கட்டும். நீங்கள் பின்னால் பையை வைத்துக்கொண்டு நிற்பவரைத் தேடிப் பிடித்து, முதலிலிருந்து, தமிழில், ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்லுங்கள். மற்றவர்களுக்கு நாற்காலி போடுங்கள். அவர்கள் வந்தது அதற்குத்தான்.