மதகு மூடாத மருமகன்

உள்ளறையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது.

அது நோயாளியின் இருமல் அல்ல. ‘நான் வெளியே வரப்போகிறேன், இருக்கிறவர் விலகிக்கொள்ளலாம்’ என்று சொல்கிற இருமல். வாயில் வைக்கப் போன சோளக்களி உருண்டையைத் தட்டிலேயே போட்டுவிட்டு ஜெர்மானோ எழுந்தான். திரும்பிப் பார்க்காமல் பின்வாசல் வழியாகக் கொல்லைக்குப் போனான்.

“போயாச்சும்மா, வாங்க” என்று அவன் மனைவி லுர்தெஸ் குரல் கொடுத்தாள்.

திரை விலகும் ஓசையும், மாமியார் டோனா எவரிஸ்தா வலிக்கிற பாதங்களை இழுத்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தருகே போகும் ஓசையும் கேட்டன. ஜெர்மானோ பப்பாளி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளம் வடிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. மருமகன் இருக்கிற கூரையின் கீழே மாமியார் படுப்பதா? எங்கள் பக்கத்தில் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கிழவி எங்கே போவாள்? தாழ்ந்த தெருவிலிருந்த அவளுடைய மண்சுவர் வீடு உப்புத் தண்ணீரில் கரைந்து போயிற்று. பெற்றதோ ஒரே மகள்.

வேலிக்கு அப்பால் தச்சர் பாஸ்குவால் நனைந்த பலகைகளை வெயிலில் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பட்டறையிலும் இடுப்பளவு தண்ணீர் ஏறியிருந்தது.

“என்ன மதகுக்காரரே! மாமியார் வந்தா ஓடுறீரு, கடல் வந்தா மட்டும் வா வான்னு கதவத் தொறந்து வைக்கிறீரு!”

ஜெர்மானோ பப்பாளி மரத்தின் பக்கமாக இன்னும் திரும்பிக்கொண்டான்.

“அன்னிக்கு எத்தன குப்பி உள்ள போச்சு? சும்மா சொல்லும், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இங்க பாரும், மரம் பூரா உப்புல ஊறிக் கெடக்கு. இதுல சவப்பெட்டி செஞ்சா உள்ள படுக்கிறவன் கருவாடாத்தான் சொர்க்கத்துக்குப் போவான்!”

தானே சொன்னதற்குத் தானே சிரித்தார். பிறகு ஒரு பலகையின் வெடிப்பைத் தடவிப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அந்தச் சிரிப்பைவிட, அது நின்றதுதான் ஜெர்மானோவைச் சுட்டது. பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொள்ளாதா என்று நினைத்தான். எங்கள் பெய்ரா நகரத்தின் மண் ஈர மண். காலை மட்டும் கணுக்கால் வரை உள்ளே வாங்கிக்கொண்டு, மனிதனை வெட்கத்தோடு வெளியே நிறுத்தி வைக்கும்.

ஒரு காலத்தில் எங்கள் ஆற்றை யாரும் ஆறு என்று சொன்னதில்லை. வீடுகளெல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. கிழிந்த வலை, உடைந்த நாற்காலி, செத்த நாய் எல்லாம் அதில்தான் போய்ச் சேர்ந்தன. மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லை. ஓதம் ஏறினால் கடல் வர வழி இருந்தது. பிறகு நகராட்சி அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள். ஆற்றைத் தோண்டினார்கள். கரையோரத்துப் புல்வெளிகளை வேண்டுமென்றே பள்ளமாக வைத்தார்கள், மழைத்தண்ணீர் வந்து தங்கிப் போகட்டும் என்று. சேற்றில் அலையாத்திக் கன்றுகளை நட்டார்கள். கடல்வாயில் இரும்பு மதகு ஒன்று வைத்தார்கள்.

இடுப்பளவு சேற்றில் நின்று அந்தக் கன்றுகளை நட்ட கூலியாட்களில் ஜெர்மானோவும் ஒருவன். மற்றவர்கள் கூலியை வாங்கிக்கொண்டு போனார்கள். இவன் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து, சாய்ந்த கன்றுகளை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான். அதைப் பார்த்த எஞ்சினியர் நேலியா, மதகுக்குக் காவலாள் தேடியபோது இவனைத்தான் கூப்பிட்டாள். நீலச் சட்டையும், மதகுச் சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கைப்பிடியும் கொடுத்தாள்.

அன்று லுர்தெஸ் அந்தச் சட்டைக்கு இரண்டு முறை இஸ்திரி போட்டாள்.

அதன் பிறகு ஆற்றங்கரையில் கல்யாணப் பெண்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அலையாத்தி வேர்களுக்கிடையே நண்டுகள் திரும்பி வந்தன. “ஆத்துக்குச் சொந்தக்காரர் போறாரு” என்று பிள்ளைகள் ஜெர்மானோவைக் காட்டினார்கள். அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெருமழை வருகிற நாளில், ஓதம் ஏறும் முன்பே மதகை மூடிவிட வேண்டும். கடல் முந்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டால் மழைக்கு இடம் இருக்காது. இடமில்லாத மழை வீடுகளுக்குள் போகும்.

அந்த நாளில் வானம் காலையிலேயே கறுத்துவிட்டது. ஜெர்மானோ நேரத்தோடுதான் போனான். மதகின் மேலே ஒரு இரும்பு நடைபாலம் உண்டு. மீன் சந்தைக்குக் குறுக்குவழி அது. பாலத்தின் நடுவே, சக்கரத்தின் மேல் முதுகைச் சாய்த்து, தலையில் கறுப்புப் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உலர்ந்த இறால் நிறைந்த பேசின்.

தாள் காற்றில் விலகியது. டோனா எவரிஸ்தா!

ஜெர்மானோ நின்ற இடத்திலேயே நின்றான். கல்யாணமான நாள் முதல் அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே வந்தால் வழியை விட்டு இறங்கிவிடுவான். உட்கார்ந்திருக்கிற மாமியாரின் முன்னால் மருமகன் கடந்து போகக் கூடாது. கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்கு வரக் கூடாது. ‘எழுந்திருங்கள்’ என்று சொல்வதோ, அடிப்பதைவிடப் பெரிய அவமதிப்பு. வேறு யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லலாம். மழையில் ஒரு ஆள் இல்லை. லுர்தெஸுக்குத் தொலைபேசியில் அழைத்தான். சந்தை இரைச்சலில் அவள் எடுக்கவில்லை.

தொப்பியைக் கழற்றினான். உள்ளங்கைகளைக் குவித்து, எங்கள் பக்கத்தில் பெரியவர்களை வணங்குகிற முறையில், மரியாதையாக மெல்லத் தட்டினான்.

அவளும் தலை குனிந்து, கைகளைக் குவித்துத் திருப்பித் தட்டினாள். வணக்கத்துக்கு வணக்கம் ஆயிற்று. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.

கீழே கடல் மதகுக்குள் நுழையத் தொடங்கியது. முதலில் ஒரு நாக்கு போல. பிறகு ஒரு மந்தை போல. ஜெர்மானோ மழையில் தலை நனைய, கையில் இரும்புப் பிடியோடு, மனதுக்குள் எல்லாப் புனிதர்களையும் அழைத்துக்கொண்டு நின்றான். மறுபடி கை தட்டினான். மறுபடி வணக்கம் வந்தது. கடைசியில் அவள் பேசினைத் தலையில் ஏற்றிக்கொண்டு போன பிறகு ஓடிப் போய்ச் சக்கரத்தைத் திருப்பினான். மதகு மூடியது. கடல் அதற்குள் உள்ளே வந்திருந்தது.

அன்று மாலைக்குள் புல்வெளிகள் நிரம்பின. பிறகு தெருக்கள் நிரம்பின. ஊரோர வயல்களில் கதிர் விட்டிருந்த நெல் உப்பில் வெளுத்துச் செத்தது. பிறந்து நாளாகாத குழந்தையைப் பேசினில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு ஒரு தாய் தண்ணீருக்குள் நடந்து போனதை ஜெர்மானோ பார்த்தான். அந்தக் குழந்தை அழுத அழுகை அவன் காதைவிட்டுப் போகவேயில்லை.

சந்தைப் பெண்கள் தொலைவிலிருந்து நீலச் சட்டையை மட்டும் பார்த்திருந்தார்கள். கறுப்புத் தாளுக்குள் இருந்தவளை மீன் மூட்டை என்று நினைத்துவிட்டார்கள். “அசையாம நின்னுக்கிட்டிருந்தாரு. தண்ணி போட்டவன் மாதிரி” என்றார்கள். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஜெர்மானோ மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மாமியாரின் பெயரை வெள்ளத்தில் இழுக்க வேண்டும். லுர்தெஸிடம்கூட அவன் சொல்லவில்லை.

முன்வாசலில் கைதட்டும் ஓசை கேட்டது. “வரலாமா?”

எஞ்சினியர் நேலியாவின் குரல். டோனா எவரிஸ்தாவின் காலடிகள் அவசரமாக உள்ளறைக்குப் போயின, திரை விழுந்தது. அதன் பிறகே ஜெர்மானோ கொல்லையிலிருந்து உள்ளே வந்தான்.

நேலியா தலைநகரத்துக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்பை வாசலிலேயே தட்டிவிட்டு வந்து, லுர்தெஸ் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

“ஜெர்மானோ அண்ணே, சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. உங்கள வேலையில வச்சுக்கிறதா வேண்டாமான்னு இன்னிக்கு நான் சொல்லியாகணும். ஓதம் ஏறுறதுக்கு முன்னாடியே நீங்க அங்க இருந்தீங்க. ஏன் மூடல?”

ஜெர்மானோ தரையைப் பார்த்தான்.

“சொல்லுங்களேன்! சக்கரம் சிக்கிக்கிச்சா? அப்படின்னா அது எங்க தப்பு. நான் பாத்துக்கிறேன்.”

என்ன அருமையான பொய்! கையில் வைத்து நீட்டுகிறாள், வாங்கிக்கொண்டால் போதும். ஆனால் அந்தச் சக்கரத்துக்கு அவன்தான் தினமும் எண்ணெய் போட்டான். அதன்மேல் பழி போட அவன் நாக்கு வரவில்லை.

“சக்கரம் நல்லாத்தான் இருக்கு. நான்... குடிச்சிருந்தேன்.”

லுர்தெஸ் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். “யாரு? நீங்களா? ஒலிந்தா அப்பா, பனங்கள்ளு வாசன பட்டாலே தும்முற மனுஷன் நீங்க! பொய் சொல்லாதீங்க. எதுக்காக உங்க தலையில நீங்களே சேத்த அள்ளிப் பூசிக்கிறீங்க? நம்ம பொண்ணு ஒலிந்தா பள்ளிக்கூடத்துல தல நிமிர வேணாமா?”

“நீ பேசாம இரு.”

“பேசுவேன்! தெருவே பேசுது, நான் பேசினா என்ன?”

அப்போது திரை விலகியது.

இருமல் இல்லை. முன்னறிவிப்பு இல்லை. டோனா எவரிஸ்தா நேராக அறைக்குள் வந்து நின்றாள். ஜெர்மானோ நெருப்பைத் தொட்டவன்போலத் துள்ளி விலகி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, நீலச் சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

“அம்மா! அவரு இருக்காரு!” என்று லுர்தெஸ் அலறினாள்.

“தெரியும்டி. எனக்கு என்ன கண்ணா அவிஞ்சு போச்சு?” கிழவி நேலியாவைப் பார்த்தே பேசினாள். “பொண்ணே, அந்தப் பிள்ள குடிக்கல. சக்கரத்துல சாஞ்சு நான் உக்காந்திருந்தேன். என்னை எழுந்திருன்னு சொல்ல அவனுக்கு வாயில்ல. கை தட்டினான். நானும் தட்டினேன்.”

“நீங்க உக்காந்திருந்தது மதகுச் சக்கரம்னு உங்களுக்குத் தெரியாதா, அம்மா?”

“மொதல்ல தெரியல. கால் வலி, உக்காந்துட்டேன்.” கிழவியின் குரல் இறங்கியது. “ரெண்டாவது தடவ தட்டினப்ப தெரிஞ்சுபோச்சு. அவன் கையில இரும்பப் பாத்தேன். கீழ தண்ணி சத்தமும் கேட்டுச்சு.”

“அப்புறம்?”

கிழவி மேல்துணியின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“எனக்கு நல்லா இருந்துச்சு, பொண்ணே. புருஷன் செத்ததுலேர்ந்து என்னை யாரு மதிச்சா? மீன் சந்தையில புடிச்சுத் தள்ளுறாங்க. வாடி போடிங்கிறாங்க. இங்க ஒரு ஆம்பள, சட்ட போட்ட உத்தியோகக்காரன், மழையில தொப்பியக் கழட்டிட்டு எனக்காக நிக்கிறான். இன்னும் கொஞ்சம் நிக்கட்டுமேன்னு... உக்காந்தேன். அவ்வளவுதான். வீடு போனது என் வீடு மட்டும்னா பரவாயில்லையே! ஐயோ, ஊரே போச்சே!”

மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். லுர்தெஸ் தாயைப் பிடித்துக்கொள்ள ஓடினாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். கணவனைப் பார்ப்பதா, தாயைப் பார்ப்பதா என்று தெரியாமல் முந்தித் துணியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஜெர்மானோவின் முதுகு குலுங்கியது. தான் குடிகாரன் என்று ஊர் சொன்னபோது வராத அழுகை, மாமியார் தன் மானத்தைத் தானே அவிழ்த்துக் காட்டியபோது வந்தது. எதைக் காப்பாற்றத் தன் பெயரைக் கொடுத்தானோ அதுவும் போயிற்று.

நேலியா சொன்னாள்: “எங்க பக்கமும் இந்த வழக்கம் உண்டு. பாட்டி வர்றாங்கன்னா எங்க அப்பா வேலி தாண்டி ஓடுவாரு. நாங்க சிரிப்போம். ஆனா எங்க அப்பா கையில மதகு இல்ல.”

அவள் எழுந்தாள்.

“ஜெர்மானோ அண்ணே, நீங்க குடிகாரன் இல்லன்னு இனிமே நானே எல்லார்கிட்டயும் சொல்வேன். ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். உண்மையச் சொல்லுங்க. நாளைக்கே இதே மாதிரி மழ. இதே மாதிரி உங்க மாமியார் அங்க உக்காந்திருக்காங்க. எழுந்திருங்கன்னு சொல்வீங்களா?”

‘சொல்வேன்’ என்று ஒரு வார்த்தை. வேலை மிஞ்சும், சட்டை மிஞ்சும், ஆறு மிஞ்சும். லுர்தெஸ் கண்ணாலேயே கெஞ்சினாள். கிழவிகூட அழுகையை அடக்கிக்கொண்டு அவன் முதுகைப் பார்த்தாள். “சொல்றேன்னு சொல்லுப்பா” என்று முணுமுணுத்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

ஜெர்மானோ வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தான். பிறகு, சுவரைப் பார்த்தபடியே, மெல்லத் தலையை இல்லை என்று ஆட்டினான்.

அந்தத் தெருவில் அன்று அவனைவிட வெட்கப்பட்ட மனிதன் இருந்திருக்க மாட்டான். பொய் சொல்லத் தெரியாததற்கும் வெட்கம், மெய் இதுவாக இருப்பதற்கும் வெட்கம்.

அந்தச் சுவரின் ஆணியில் தொங்கிய மதகின் இரும்புக் கைப்பிடியைத் தடவி எடுத்து, முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினான். நேலியா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது போலும், மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “வடக்குக் கரையில கன்னு நடணும், அண்ணே. பாதிக்கு மேல வெள்ளத்துல சாஞ்சு போச்சு. வாங்க. அங்க யாரும் வழியில உக்கார மாட்டாங்க” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் அவளுக்கே அது எப்படிக் கேட்டது என்று புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படி இறங்கினாள்.

தெருவில் பாஸ்குவால் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டுப் பெண்கள் துணி உலர்த்துவதை நிறுத்தினார்கள். எஞ்சினியரின் கையிலிருந்த கைப்பிடியை எல்லோரும் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் லுர்தெஸ் நகரவில்லை. ஜெர்மானோ சுவரைவிட்டுத் திரும்பவில்லை. டோனா எவரிஸ்தாதான் கால்களை இழுத்துக்கொண்டு, மருமகனின் முதுகுக்குப் பின்னால் கடந்து போய், ஊர்க் கண்கள் உள்ளே வராதபடி கதவைச் சாத்தினாள்.