கையில் கட்டிய ஊதாப் பட்டை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மழைக்காலம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மருத்துவமனையில் நிமோனியாவோடு படுத்திருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காய்ச்சல் என்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிடுகிற ஆள். அப்படிப் போய்ப் போய்த்தான் நெஞ்சில் சளி முற்றிவிட்டது.

சேர்ந்த அன்றே என் இடது கையில் ஊதா நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டினார்கள். அதற்குச் சில காலம் முன்பு மார்பில் வந்த கட்டிக்காக எனக்கு ஆபரேஷன் நடந்திருந்தது. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். அதனால் அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது. "இந்தக் கலரைப் பார்த்தா எங்க ஆளுங்க அந்தக் கையைத் தொடவே மாட்டாங்க டீச்சர்" என்றார் நர்ஸ். நல்ல ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் மூச்சு வாங்குவது அதிகமாகிவிட்டது. மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். என் கணவர் காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். ஃபைலை வாங்கி பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வண்டியில் பின்னாலேயே வந்தார். சைரன் போட்டதால் ஆம்புலன்ஸ் போய்விட்டது. அவர் டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். கொட்டுகிற மழை வேறு.

ஆம்புலன்ஸில் வந்தவர் வாய்வார்த்தையாக ஏதோ சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குக் கிளம்பிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியின் டியூட்டி டாக்டர் ஏதோ விபத்துக் கேஸில் இருந்தார். என்னை வார்டுக்குக் கொண்டுபோனார்கள். இளவயது நர்ஸ் ஒருவர் என் கையைத் தூக்கி அந்தப் பட்டையைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே மாறியது. அதுவரை வேகவேகமாக நடந்துகொண்டிருந்தவர் மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.

கட்டிலை மூலைக்குத் தள்ளினார்கள். சுற்றிலும் திரையை இழுத்துவிட்டார்கள். வெளியே மழை இருட்டு. மதியம் என்றே சொல்ல முடியாது. துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பலின் சங்கு நீளமாக ஊதி அடங்கியது. நர்ஸ் ஈரப்பஞ்சால் என் உதட்டைத் துடைத்தார். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். என் அம்மாகூட என்னிடம் அவ்வளவு பதவிசாக நடந்துகொண்டதில்லை.

மெஷின் எங்கே என்று கேட்க நினைத்தேன். வாய்மேல் ஆக்ஸிஜன் முகமூடி. பேச மூச்சும் இல்லை.

திடீரென்று கட்டில் பக்கத்திலிருந்த மானிட்டர் அலற ஆரம்பித்தது. இப்போது எல்லோரும் ஓடி வருவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் ஓடி வரவில்லை. அந்த நர்ஸ் மட்டும் வந்தார். ஒரு பட்டனை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினார். அப்புறம் திரையில் எண்கள் எனக்குத் தெரியாதபடி மானிட்டரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். சிவப்பு வெளிச்சம் மட்டும் சுவரில் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது.

"பயப்படாதீங்கம்மா. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் ஆயாம்மாவின் குரல் கிசுகிசுப்பாகக் கேட்டது. "இவங்க நம்ம ஆளுங்களா, இல்ல சர்ச்சுக்குப் போறவங்களா?"

"தெரியலக்கா. வூட்டுக்காரர் வரட்டும், கேட்டுக்கலாம்."

கடைசிச் சடங்குக்குத்தான் அப்படி விசாரிப்பார்கள். ஒருவேளை நான் ஏற்கெனவே செத்துவிட்டேனோ, எனக்குத்தான் இன்னும் தெரியவில்லையோ என்றுகூடத் தோன்றியது. இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கையைத் தூக்கினேன். நர்ஸ் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "தூங்குங்கம்மா" என்று தட்டிக்கொடுத்தார். அவர் கண்ணில் நீர் நின்றது. அந்தக் கண்ணீரைப் பார்த்தபோது வந்த பயம் எனக்கு வாழ்க்கையில் எப்போதும் வந்ததில்லை.

அப்போதுதான் என் கணவர் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"இன்னா சிஸ்டர், மூச்சுக்கு மிசின் வெக்கணும்னுதானே அனுப்சாங்கோ? இன்னும் ஒண்ணியும் வெக்கலியே?"

நர்ஸ் அவரைத் திரைக்கு வெளியே கூட்டிப்போனார். ஆனாலும் எனக்குக் கேட்டது. "நீங்க தைரியமா இருக்கணும் சார். சொந்தக்காரங்க யாராவது வந்து பார்க்கணும்னா இப்பவே வரச் சொல்லிடுங்க."

"இன்னாத்துக்கு?"

"மெஷின் எதுவும் வேணாம், நிம்மதியா போகட்டும்னு நீங்க முடிவு பண்ணித்தானே சார் அந்த ஊதாப் பட்டை கட்டியிருக்கு?"

இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய அந்தக் குரல் வார்டையே உலுக்கியது. "யம்மா! அது அந்தக் கைல ஊசி போடக் கூடாதுன்னு கட்னதும்மா! காப்பாத்தத்தான் இட்டாந்துகீறேன்!"

நர்ஸ் திரையைக் கிழிக்காத குறையாக இழுத்துத் தள்ளினார். "டாக்டர்!" என்று அவர் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. எத்தனை பேர் ஓடிவந்தார்களோ தெரியாது. மூக்கையும் வாயையும் இறுக்கி மெஷினை மாட்டினார்கள். தடதடவென்று சத்தம், அதட்டல், ஓட்டம். அந்தக் களேபரம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவர்கள் என்னை உயிரோடு இருப்பவளாக நடத்தினார்கள்.

பிழைத்தேன். மூச்சு சீரானபின் தலைமை டாக்டர் கட்டிலருகே வந்து, மழுப்பாமல் மன்னிப்புக் கேட்டார். குடும்பத்தார் சம்மதித்து, இனி மெஷின் வேண்டாமென்று முடிவான நோயாளிக்கு அங்கே ஊதாப் பட்டை. நான் வந்த இடத்தில் அதே ஊதாவுக்கு வேறு அர்த்தம். "ஃபைலைப் பார்க்காம கலரை நம்பினது எங்க தப்பு" என்றார். அந்த நர்ஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டார்.

அதன்பின் அந்த டாக்டர் அக்கம்பக்கத்து மருத்துவமனைக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசி, எந்தக் கலருக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் பொதுவாக முடிவு செய்தார். கலரோடு தமிழில் எழுத்தும் உண்டு. வேறு இடத்திலிருந்து வந்தால், வாசலிலேயே எதற்குக் கட்டினது என்று கேட்டு, பழைய பட்டையை வெட்டிவிட்டுப் புதிது கட்டுகிறார்கள்.

போன வருடம் எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்காவுக்கு அதே ஆஸ்பத்திரியில் முட்டி ஆபரேஷன். துணைக்குப் போயிருந்தேன். அக்காவின் கையில் மஞ்சள் பட்டையைக் கட்டிய நர்ஸ், "இது எதுக்குன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்றார்.

"நான் வியுந்துடுவனாம் கண்ணு. எயிந்துக்கினா யாராச்சும் புட்ச்சிக்கணுமாம்!"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் இடது மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அன்று என்னைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது யாருடைய அலட்சியமும் இல்லை, அந்தப் பெண்ணின் கலப்படமில்லாத அன்புதான். அதனால் இன்றைக்கும் யாராவது காரணமில்லாமல் என்னிடம் ரொம்ப மென்மையாகப் பேசினால், கூச்சப்படாமல் ஏன் என்று கேட்டுவிடுகிறேன்.