ஒற்றை சீட் வண்டி

மகளின் பிரசவத்துக்கென்று போன மனைவி, பேரனுக்கு மீசை முளைக்கும்வரை திரும்பமாட்டாள் போலிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் தனியாகக் கிடந்தார். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல், வாசலில் துருப்பிடித்து நின்ற பழைய மோட்டார் சைக்கிளை ஹாலுக்குள் உருட்டிவந்தார். பந்தய வண்டி மாதிரி குனிந்து ஓட்டும் கஃபே ரேசராக மாற்றப்போகிறாராம். சாப்பாட்டு மேஜையில் பெட்ரோல் டேங்க், பாத்திரம் கழுவும் தொட்டியில் கார்புரேட்டர். என்ன இது என்று கேட்க நாதியில்லை.

ஹேண்டில்பாரைத் தாழ இறக்கினார். பின்சீட்டைக் கழற்றி, அதைத் தாங்கிய சட்டத்தையும் கிரைண்டரால் அறுத்துத் தள்ளினார். வெல்டிங் வைக்க வந்த பக்கத்துப் பட்டறைக்காரர் சும்மா இருக்கவில்லை.

"என்னண்ணே, அண்ணி வந்தா எங்க உக்காருவாங்க?"

"வரட்டும், அப்ப பாத்துக்கலாம்!" என்று வள்ளென்று விழுந்தார்.

வண்டி தயாரானது. தெருவில் இறக்கி, ஏறி உட்கார்ந்து உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அவரோ இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றி, வண்டி ஆடாமல் பிடித்தபடி நின்றார். மனைவி பின்னால் ஏறும்போது அப்படித்தான் நிற்பார். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, தோளில் இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் கியரைப் போடுவார். கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம்.

"ஏண்ணே நிக்கிறீங்க? கிளம்புங்க!" என்றார் பட்டறைக்காரர்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருப்பா, இன்ஜின் கொஞ்சம் சூடாகட்டும்."