ஜாடியில் நுரைத்த திராட்சை

பள்ளிக்கூடம் விட்டு வந்து வண்டியை நிறுத்தும்போதே வாசம் வந்துவிட்டது. புளித்த திராட்சையின் வாசம். வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் என் மாமியாரின் செருப்பு கிடந்தது.

ஆபரேஷன் ஆன மகளுக்குத் துணையாக வடமதுரை போயிருந்தவர், வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார். ஸ்டோர் ரூமில், அரிசி டிரம்முக்குப் பின்னால், நான் ஒளித்து வைத்திருந்த பீங்கான் ஜாடி நுரைத்துக்கொண்டிருந்தது.

மாமனார் குடித்தே செத்தவர். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே போய்விட்டார். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்குப் பாதி வீடுகளில் ஒயின் போடுவார்கள். அத்தையோ அந்த வீடுகளிலிருந்து வரும் கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார். என் கணவர் ஒரு சொட்டு தொட்டதில்லை.

எனக்கு இந்த ஆசை வந்தது பெங்களூரில். கல்லூரித் தோழி வீட்டுக்குப் போனபோது அரை கிளாஸ் சிவப்பு ஒயின் ஊற்றிக் கொடுத்தாள். முதல் வாயிலேயே முகம் சுளித்தேன். காயான நாவல்பழத்தைக் கடித்ததுபோல நாக்கை இழுத்தது.

"கடகடன்னு முழுங்காதடி. செத்த நேரம் வாயில வச்சிரு" என்றாள்.

வைத்திருந்தேன். துவர்ப்பு அடங்கியதும் மெதுவாக வேறொன்று எழுந்தது. மழை விட்ட தோட்டத்தின் வாசம், ஈர மண்ணும் இலையுமாக. நான் தாவரவியல் ஆசிரியை. நொதித்தலை வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறவள். பழத்தில் இல்லாத வாசம் பழச்சாற்றில் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே திண்டுக்கல் வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு அது என்னை விடவில்லை. ஒயின் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். கடையில் போய் பாட்டில் வாங்கத் துணிச்சல் இல்லை. அங்கே என் மாணவர்களின் அப்பாக்கள் நிற்பார்கள். அத்தை வடமதுரை கிளம்பியதும், வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாமா என்று கணவரிடம் கேட்டேன். "அம்மா வாரதுக்குள்ள வாசம் அடங்கிருமா?" என்றார். அடங்கிவிடும் என்று நம்பித்தான் ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பன்னீர் திராட்சை வாங்கி வந்து, மசித்து, ஜாடியில் போட்டோம்.

இப்போது அத்தை அந்த ஜாடிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே கட்டியிருந்த துணி அவிழ்ந்து மடியில் கிடந்தது.

"வா. மத்தியானத்துல இருந்து இதுகூடத்தான் பேசிக்கிட்டிருக்கேன். புசுபுசுன்னு பதில் சொல்லுது."

"கிறிஸ்துமஸ் ஒயின்தான் அத்தை..."

"யாரு குடிக்க? அவனா?"

"அவரு தொடமாட்டாரு. நாந்தான்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் பயம்தான் தெரிந்தது.

"ஒங்க மாமாவும் மொதல்ல வாசம் நல்லாருக்குன்னுதான் சொன்னாரு. அது ஒம் புருசன் பொறந்த வருசம். மக பொறக்குறப்ப, பல்லு வெளக்குறதுக்கு முந்தியே ஆரம்பிச்சிருவாரு."

அதற்குள் கணவரும் வந்துவிட்டார். நிலைப்படியைத் தாண்டாமல் அங்கேயே நின்றபடி எனக்காக ஒன்றைச் சொல்லிப் பார்த்தார்.

"ஏம்மா, சர்ச்சுல பூசை வைக்கிற சாமியார் ஒயின் குடிக்கலையா?"

"குடிச்சிட்டு வந்து அடிக்கிறதுக்கு அவரு வீட்ல ஆளு இல்லடா."

கணவரின் கை தானாக இடது காதைத் தடவியது. அந்தக் காது அவருக்குச் சரியாகக் கேட்காது. சின்ன வயதில் சீழ் வைத்தது என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

அது சீழ் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "கொட்டிர்றேன் அத்தை" என்று ஜாடியைத் தூக்கினேன்.

"வையி கீழ."

வைத்தேன்.

"இதக் கொட்டிருவ. ஆசைய எங்க கொண்டுபோயிக் கொட்டுவ? வேற எங்கயாச்சும் போயிக் குடிப்ப. என் கண்ணு முன்னாடி குடி. நான் பாக்கணும்."

நுரை அடங்கி, வடிகட்டி, பாட்டில்களில் நிரப்பியதும் அத்தை அவற்றைத் தன் பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். சின்னக் கிளாஸில் அவரே ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். கணவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

குடித்தேன். நன்றாக இல்லை. புளிப்பு தூக்கலாக இருந்தது. மழையுமில்லை, மண்ணுமில்லை. ஆனால் அடியில் எங்கோ திராட்சைத் தோலின் வாசம் மெல்லிசாக ஓடியது. சர்க்கரையைக் கூட்டியிருக்க வேண்டும், காற்றுப் படாமல் மூடியிருக்க வேண்டும் என்று மனம் அடுத்த ஜாடிக்குப் போய்விட்டது. அத்தை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் வேணுமா?"

அந்த மெல்லிய வாசத்தை இன்னொரு தரம் பிடித்துவிட மாட்டோமா என்று இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் முடிந்துவிடும். ஆனால் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"வேணும்போலதான் இருக்கு அத்தை. ஆனா வேண்டாம்."

அவர் பாட்டிலை மூடினார்.

"ஒங்க மாமா ஒருநாளும் வேணும்போல இருக்குன்னு சொன்னதில்ல. வேண்டாம், விட்டுட்டேன்னு சொல்லிக்கிட்டேதான் குடிச்சாரு."

அடுத்த திராட்சை சீசனில் இரண்டாவது ஜாடி போட்டேன். அத்தைக்குத் தெரிந்துதான் போட்டேன். அது முதலாவதைவிடத் தேவலை. அத்தை இதுவரை ஒரு வாய்கூட ருசி பார்த்ததில்லை. பீரோ சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. ஞாயிறுதோறும் எதிரே உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் பதில் சொல்வதற்கு முன் எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்கும் அப்படித்தான் இருக்கிறது என்பது முந்தானையைச் சுருட்டும் அவர் விரல்களைப் பார்த்தாலே தெரியும்.