இறைச்சிப் பொதியோடு போன விளம்பரம்

பிரசவத்துக்கு என்னைக் கூப்பிட ஆட்கள் கிடைக்க வேண்டுமென்றால் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திற என்று எல்லோரும் சொன்னார்கள். திறந்தேன். ஒரே ஒரு பெண் லைக் போட்டாள். அன்று அஸர் தொழுகைக்கு முன்பே அவளுடைய உம்மாவுக்கு இரண்டு பேர் கோல் எடுத்து, மகளுக்கு எத்தனை மாதம் என்று கேட்டுவிட்டார்கள். அவளுக்குக் கலியாணமே முடியவில்லை. உம்மா என் வாசலில் வந்து நின்று திட்டிய திட்டில் பக்கத்தை அழித்தேன். வயிறு வெளியே தெரியும்வரை கண்ணூறுக்குப் பயந்து வாய் திறக்காத ஊர் இது. இங்கே போய் லைக் போடு என்று கேட்டது என் முட்டாள்தனம்.

என் வேலை பிரசவத் துணை. வெளியில் டூலா என்பார்கள். நான் மருத்துவிச்சி இல்லை. மருந்து கொடுக்கமாட்டேன், தொப்புள்கொடி வெட்டமாட்டேன். பிள்ளை பெறுகிறவளின் பக்கத்தில் இருந்து முதுகைத் தேய்ப்பேன், தாதி சொல்வது விளங்காவிட்டால் விளங்கப்படுத்துவேன். இதற்காக, என் கூடப்பிறந்த காக்காவின் பாமசியில் மருந்து எடுத்துக் கொடுத்த வேலையை விட்டேன். நோன்பு தொடங்குவதற்குள் ஓர் ஆளாவது கிடைக்காவிட்டால் திரும்பி வந்து அதே முக்காலியில் குந்த வேண்டும் என்றார் அவர். முக்காலியை வேறு யாருக்கும் கொடுக்காமலும் வைத்திருந்தார். எனக்கு எரிச்சல் அதில்தான்.

கிளினிக் நாளில் அங்கே வாங்குப் பலகையில் குந்தி வயிற்றுக்காரிகளோடு கதைத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே பதில்: உம்மா இருக்கிறா. இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். அதனால் உம்மா எப்போதும் இருக்கிறா. அடுப்படியில், கட்டிலடியில், டொக்டருக்கு முன்னால். பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிற இன்னொருவன் இருக்கிறானே, மருமகன்.

என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். உம்மாவும் மகளும் கிளினிக்குக்குள் போனபின், மருமகன்மார் அவருடைய ஓட்டோவில் இருந்து புலம்புவார்களாம். மருதமுனையில் கைலிச் சாரம் விற்கிற ஒருவன் அதிகமாகப் புலம்பினான். மாமியைச் சமாளிக்க ஓர் ஆள் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லச் சொன்னேன். அன்று மாலையே கோல் வந்தது. பின்னால் பைப்புத் தண்ணீர் கொட்டும் சத்தம். குளியலறையில் ஒளிந்துகொண்டு கதைத்தான்.

அவன் வீட்டுக்குப் போனேன். மாமியார் என்னை இரு என்றுகூடச் சொல்லவில்லை.

“நான் அஞ்சு பெத்தனான். நீ எத்தின பெத்த?”

“ஒண்டுமில்ல மாமி.”

“அப்ப என்னத்துக்கு வந்திரிக்காய்?”

“உங்களுக்குத்தான். மகள் வலியில கத்தக்குள்ள நீங்க விழுந்தா ஆரு தூக்கிற?”

மகளுக்கு இரத்தம் எடுக்கும்போதே மாமியார் தலைசுற்றி விழுந்தவ. மருமகன் குளியலறையிலிருந்து சொன்ன தகவல். மகள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியார் இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினா.

வலி வந்த நாளில், ஆஸ்பத்திரியில் ஒரு பெண்தான் துணைக்கு உள்ளே போகலாம் என்றார்கள். மாமியார் கதவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. “நீ போ” என்றா. நான் தஸ்பீஹ் மணிமாலையைக் கையில் கொடுத்து, நிறுத்தாமல் ஓதுங்கள் என்று வாங்கில் இருத்திவிட்டுப் போனேன். பெண் பிள்ளை. வெளியே வந்து சொன்னபோது அவ கேட்ட முதல் கேள்வி, ஓதியது உள்ளே கேட்டதா என்பது. நடுவில் இரண்டு கதவுகள் சாத்தியிருந்தன. நன்றாகக் கேட்டது என்றேன்.

ஏழாம் நாள், பிள்ளை பிறந்ததற்கு அறுத்துப் பங்கிடுகிற அகீகா கொடுத்தார்கள், ஒரு கிடாய். இறைச்சிப் பொதிகளை அக்கம்பக்கத்துக்கு மருமகன் கொண்டுபோனான். மாமியார் சில பொதிகளைத் தனியே எடுத்துக்கொண்டு என் கணவரின் ஓட்டோவில் ஏறினா. எந்த வீட்டில் யாருக்கு எத்தனை மாதம் என்பது டொக்டரைவிட அவவுக்குத் தெரியும். வயிற்றுக்காரிகள் இருக்கிற வீடுகளாகப் பார்த்து இறங்கி, என்னைப் பற்றிச் சொன்னாவாம்:

“அவள் ஒண்டும் செய்யமாட்டாள். கையப் புடிச்சிட்டு இரிப்பாள். ஆனா அவள் இல்லாட்டிச் சரிவராது. நான்தான் பழக்கின.”

அவ பழக்கினாவாம். கேட்டதும் எனக்குக் கொதித்தது. வாயை மூடிக்கொண்டு போனை எடு என்றார் கணவர். எடுத்தேன். மூன்று வீட்டிலிருந்து கேட்டார்கள். மூன்றும் உம்மாமார்தான்.

நோன்புக்கு முந்தின நாள் பாமசிக்குப் போய், முக்காலிக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னேன். எங்கே விளம்பரம் போட்டாய் என்று காக்கா கேட்டார்.

“இறைச்சிப் பொதியில. அந்த மாமி உங்கட வீட்டயும் வந்து தந்தாவாமே.”

காக்காவின் முகம் மாறியது. அவர் பெண்சாதி, என் மதினிக்கு வயிறு என்று அவர் இன்னும் எனக்கே சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் மருந்துப் பெட்டிகளை அடுக்கினார். பிறகு மெதுவாக, “நீயும் ஒருக்கா வந்து பாரு” என்றார்.

“எதுக்கு? மதினிர உம்மா இரிக்காவே.”

“அதுக்குத்தான்டி வரச் சொல்ற.”